படம் டிரைவில் ஏறிவிட்டது, பக்கத்தில் ஏன் வரவில்லை?

புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடையானாலும் பண்ருட்டியில் முந்திரி பாக்கெட் போடும் சிறு தொழிலானாலும், விளம்பர வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. கடையில் ஒருவர் போனில் படம் எடுக்கிறார். அது கூகுள் டிரைவிலோ டிராப்பாக்ஸிலோ ஏறுகிறது. சாயங்காலம் இன்னொருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இறக்கி இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டெலிகிராம் சேனல் என்று மூன்று இடத்தில் போடுகிறார். ஃபோல்டரில் விழுந்த படம் தானாகவே மூன்று இடத்துக்கும் போய்விட்டால் தேவலை என்று யாருக்கும் தோன்றும். 'அதற்கு வெப்ஹுக் இருக்கிறதே' என்று கேள்விப்பட்டு வேலையைத் தொடங்குகிறார்கள். முதல் வாரம் ஓடுகிறது. அடுத்த வாரம் ஒரே புடவை நாலு முறை வருகிறது. அதற்கடுத்த வாரம் சத்தம் போடாமல் நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வெப்ஹுக் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற நம்பிக்கை. அது வெறும் காலிங் பெல். வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று சொல்லும். யார், கையில் என்ன என்று சொல்லாது. எழுந்துபோய்ப் பார்ப்பது நம் வேலை.

2007-ல் ஜெஃப் லிண்ட்சே என்ற நிரலாளர் 'வெப்ஹுக்' என்ற பெயரை வைத்தார். விஷயம் எளிது. ஒரு சேவையில் ஏதாவது நடந்தால், நாம் முன்பே கொடுத்துவைத்த எச்டிடிபிஎஸ் முகவரிக்கு அந்தச் சேவையே ஒரு போஸ்ட் கோரிக்கை (தகவலைக் கொண்டுவந்து கொடுக்கும் இணையக் கோரிக்கை) அனுப்பும். 'புதுசா ஏதாவது வந்ததா?' என்று நாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்க் கேட்க வேண்டியதில்லை.

அந்தக் கோரிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். டிராப்பாக்ஸ் அனுப்பும் ஜேசானில் (தகவலை அடுக்கி அனுப்பும் ஒரு உரை வடிவம்) கணக்கு எண் மட்டும் இருக்கும். எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர் என்று ஒரு வார்த்தை இருக்காது. நாம் கடைசியாகப் பார்த்த இடத்தைக் குறிக்கும் கர்சரைக் கையில் வைத்துக்கொண்டு, 'இதற்குப் பிறகு மாறியவற்றைக் கொடு' என்று பட்டியல் கேட்டால்தான் கோப்பின் பெயர் தெரியும். கூகுள் டிரைவ் இன்னும் சிக்கனம். கோரிக்கையின் உடல் பகுதி ஏறக்குறைய காலியாகவே வரும். தகவல் எல்லாம் ஹெடர்களில், அதாவது கடித உறைமேல் எழுதுவது போன்ற குறிப்புகளில், இருக்கும். மாற்றங்களைக் கவனிக்கும்படி ஒரு சேனல் (டெலிகிராம் சேனல் அல்ல, டிரைவ் நமக்கு மணி அடிக்கும் வழி) பதிந்தால் அது அந்தக் கணக்கின் டிரைவ் முழுவதற்கும் சேர்த்து மணி அடிக்கும். கணக்குப்பிள்ளை எக்செல் ஷீட்டைத் திருத்தினாலும் அடிக்கும். மாற்றப் பட்டியலை வாங்கி, 'இந்தக் கோப்பு நம் ஃபோல்டருக்குள் இருக்கிறதா, படமா, குப்பைக்குப் போனதா' என்று சலிக்க வேண்டும். பெயர் மாற்றினாலும் அழித்தாலும் மணி அடிக்கும் என்பதால், மணி அடித்தவுடன் கடைசிப் படத்தைப் போடும் ஸ்கிரிப்ட் எழுதினால் ஒரே படம் திரும்பத் திரும்பப் போகும்.

பதிவு செய்யும்போதே ஒரு சோதனை உண்டு. டிராப்பாக்ஸ் முதலில் ஒரு கெட் கோரிக்கையில் (தகவல் கேட்கும் கோரிக்கை) சேலஞ்ச் என்ற சரத்தை அனுப்பும். அதை அப்படியே சாதா உரையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவும் ஒரு சரிபார்ப்பு டோக்கன் அனுப்பி இதையே கேட்கிறது. இரண்டுக்கும் 10 விநாடிதான் அவகாசம். கூகுள் இப்படிக் கேட்பதில்லை. சேனல் திறந்ததும் 'சிங்க்' என்று ஒரு தகவல் வரும், அதை விட்டுவிடலாம். ஆனால் செல்லுபடியாகும் எஸ்எஸ்எல் சான்றிதழ் (முகவரி உண்மையானது என்று காட்டும் பாதுகாப்புச் சான்று) இல்லாத முகவரியை அது ஏற்காது. நாமே கையெழுத்திட்டுக்கொண்ட சான்றிதழ் செல்லாது. லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தரும் வழக்கமான சான்றிதழ் 90 நாளில் காலாவதியாகும், புதுப்பிப்பைத் தானியக்கமாக வைத்துவிட வேண்டும்.

வந்த கோரிக்கைக்கு உடனே 200, அதாவது 'கிடைத்தது', என்று பதில் சொல்லிவிட்டு, வேலையை வரிசையில் போட்டுப் பிறகு செய்வதே முறை. படத்தை இறக்கி, அளவு குறைத்து, இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று உட்கார்ந்தால் 10 விநாடி தாண்டிவிடும். டிராப்பாக்ஸ் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். அதே வேலை மறுபடி தொடங்கும். அந்த நாலு புடவை வந்தது பல நேரம் இப்படித்தான்.

முகவரி வெளியுலகுக்குத் திறந்திருப்பதால் யார் வேண்டுமானாலும் அதைத் தட்டலாம். டிராப்பாக்ஸ் ஒவ்வொரு கோரிக்கையிலும் எச்மேக் எஸ்எச்ஏ-256 கையெழுத்து (ரகசியச் சொல்லைச் சேர்த்துக் கணக்கிட்ட சரிபார்ப்புச் சரம்) ஒன்றை ஹெடரில் வைக்கும். நம் ஆப்புக்கு டிராப்பாக்ஸ் தந்த அந்த ரகசியத்தைக் கொண்டு அதே கணக்கைப் போட்டு ஒப்பிட வேண்டும். ஜேசானைப் பிரித்து, திரும்பச் சேர்த்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். ஒரு இடைவெளி மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. வந்த பைட்டுகள் மேலேயே போட வேண்டும். கூகுளில் சேனல் திறக்கும்போது நாமே ஒரு டோக்கன் கொடுத்தால் ஒவ்வொரு தகவலிலும் அது ஹெடராகத் திரும்பி வரும். அது பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும்.

இங்கே கூகுளின் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் கணக்குக்குள்ளேயே நிரல் எழுதி ஓட்டும் வசதி) பற்றி ஒரு வார்த்தை. இலவசம், சர்வர் வேண்டாம் என்பதால் பலர் முதலில் போகும் இடம் அதுதான். அதில் எழுதும் வெப் ஆப்பால் வரும் கோரிக்கையின் ஹெடர்களைப் படிக்க முடியாது. டிரைவோ எல்லாத் தகவலையும் ஹெடரில் வைக்கிறது. டிராப்பாக்ஸ் கையெழுத்தும் ஹெடரில்தான். ஆகவே வெப்ஹுக் வாங்க அது தோதான இடமில்லை. அதே ஆப்ஸ் ஸ்கிரிப்டில் நேரத் தூண்டி வைத்து ஃபோல்டரை நாமே போய்ப் பார்ப்பது நன்றாக ஓடும். சாதாரண ஜிமெயில் கணக்குக்குத் தூண்டிகள் ஒரு நாளில் மொத்தம் 90 நிமிடம் ஓடலாம். ஒரு ஓட்டம் 4 விநாடி என்றால், நிமிடத்துக்கு ஒருமுறை வைத்தால் 1,440 ஓட்டம், 96 நிமிடம், வரம்பு தாண்டிவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை வைத்தால் 288 ஓட்டம், 19 நிமிடத்துச் சொச்சம்.

உண்மையில் ஜவுளிக்கடைக்கு இதுவே போதும். ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் படம் போடுகிறவருக்கு ஐந்து நிமிடத் தாமதம் ஒரு பொருட்டா? ஜேப்பியர், மேக் மாதிரி ஆயத்தச் சேவைகளிலும் 'ஃபோல்டரில் புதுக் கோப்பு' என்ற வசதி பல இடங்களில் வெப்ஹுக்கே அல்ல, அவர்களும் இடைவெளி விட்டுப் போய்ப் பார்க்கிறார்கள்தான். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விடியற்காலை வந்த மீனைப் படத்தோடு விலை போடுகிறவருக்கும், மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையிலிருந்து தீர்த்தவாரிப் படம் அனுப்புகிறவருக்கும்தான் விநாடி கணக்கு. வெப்ஹுக் அவர்களுக்கு.

எந்த வழியில் தெரிந்துகொண்டாலும், நடுவில் ஒரு பேரேடு இல்லாமல் இந்த ஏற்பாடு நிற்காது. பெரிய டேட்டாபேஸ் வேண்டாம், எஸ்க்யூலைட் கோப்பு ஒன்று போதும்; கூகுள் ஷீட்டில்கூட ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு வரியிலும் கோப்பின் அடையாள எண், உள்ளடக்க ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற சரம்), எந்தத் தளம், நிலை என்ன, எத்தனை முயற்சி, கடைசிப் பிழை, வெளியான பதிவின் எண் ஆகியவை இருக்க வேண்டும். கோப்புப் பெயரை அடையாளமாக வைக்கக்கூடாது. டிரைவ் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பை அனுமதிக்கும். ஹாஷைக் கணக்கிடவும் தேவையில்லை. டிரைவ் எம்டி5 என்ற ஹாஷ் தருகிறது, டிராப்பாக்ஸ் தன் முறைப்படி ஒரு உள்ளடக்க ஹாஷ் தருகிறது. ஹாஷும் தளமும் சேர்ந்த சேர்க்கை ஒருமுறைதான் வரலாம் என்று விதி வைத்துவிட்டால், மணி நூறு முறை அடித்தாலும் படம் ஒருமுறைதான் போகும்.

தளத்துக்கு ஒரு வரி என்பது முக்கியம். ஃபேஸ்புக்கில் போய்விட்டது, இன்ஸ்டாகிராமில் தவறிவிட்டது என்று வையுங்கள். கோப்புக்கு ஒரே வரி வைத்திருந்தால் 'தவறிவிட்டது' என்று குறித்து மொத்தத்தையும் மறுபடி ஓட்டுவீர்கள். ஃபேஸ்புக்கில் இரண்டாவது முறை விழும். மறுமுயற்சிக்கும் விவரம் வேண்டும். 429 ('அவசரப்படாதே'), 5 என்று தொடங்கும் பிழைகள் (அவர்கள் சர்வரில் கோளாறு) வந்தால் 1, 2, 4, 8 நிமிடம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயலலாம். டெலிகிராம் 429 சொல்லும்போது எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்லும். 400 ('கோரிக்கையே தவறு') வந்தால் மறுபடி முயல்வதில் பயனில்லை. படத்தில் கோளாறு, மனிதர் பார்க்கட்டும் என்று ஒதுக்கிவைக்க வேண்டும்.

இனி மறுமுனை. டெலிகிராம் எல்லாவற்றிலும் சுலபம். பாட் (நிரல் இயக்கும் கணக்கு) ஒன்றை உருவாக்கி, சேனலில் அட்மின் ஆக்கினால் முடிந்தது. லிங்க் கொடுத்தால் 5 எம்பி வரை படத்தை அதுவே இறக்கிக்கொள்ளும், நேரே ஏற்றினால் 10 எம்பி வரை. ஒரு சேனலுக்கு விநாடிக்கு ஒரு செய்திக்கு மேல் அனுப்பாமல் இருப்பது நல்லது. திருவிழா நாளில் 200 படம் ஒரே நேரத்தில் ஃபோல்டரில் விழும். அவற்றை ஆல்பமாகப் பத்துப் பத்தாகக் கட்டி அனுப்புங்கள். படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் போன் எழுதிவைத்த ஜிபிஎஸ் இடக்குறிப்பும் கூடவே போகும். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது.

இன்ஸ்டாகிராம்தான் பாடாய்ப் படுத்தும். முதலில் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருக்க வேண்டும், தனிக் கணக்கில் ஏபிஐ (நிரல்கள் உள்ளே வர ஒரு சேவை திறந்துவைக்கும் வாசல்) வழியே போட முடியாது. வெளியீடு இரண்டு படி. படத்தின் லிங்க்கையும் கேப்ஷனையும் கொடுத்து ஒரு கன்டெய்னர் (வெளியிடக் காத்திருக்கும் பதிவு) உருவாக்க வேண்டும், பிறகு அந்த எண்ணைக் கொடுத்து வெளியிடச் சொல்ல வேண்டும். படத்தை இன்ஸ்டாகிராமின் தாய் நிறுவனமான மெட்டாவின் சர்வர் தானே வந்து எடுக்கும். ஆகவே லிங்க் யாரும் திறக்கும்படி, நேரே படத்தைத் தருவதாக இருக்க வேண்டும். டிரைவின் 'ஷேர்' பட்டன் தரும் லிங்க் படத்தைத் தராது, படத்தைக் காட்டும் ஒரு பக்கத்தைத் தரும். மெட்டா அதைப் படமில்லை என்று தள்ளிவிடும். டிராப்பாக்ஸில் 4 மணி நேரம் செல்லுபடியாகும் தற்காலிக லிங்க்கை ஏபிஐ மூலம் வாங்கலாம், வேலைக்கு அது கச்சிதம். டிரைவில் இருந்தால் கோப்பை நம் சர்வருக்கு இறக்கி, ஊகிக்க முடியாத ஒரு பெயரில் சில மணி நேரம் வைத்திருந்து, வெளியானதும் அழித்துவிடுவதே நிம்மதி.

படத்தின் வடிவத்திலும் கண்டிப்பு உண்டு. ஜேபெக் மட்டும், 8 எம்பிக்குள். ஐபோன் எடுக்கும் ஹெய்க் செல்லாது, டிசைனர் தரும் பிஎன்ஜியும் செல்லாது. விகிதம் 4:5-க்கும் 1.91:1-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது ஏபிஐயின் விதி. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் வழக்கமாகக் கிடைப்பது 3:4, அதாவது 0.75, வரம்பான 0.8-ஐ விடக் குறைவு. செயலியில் கையால் போடும்போது சரியாகப் போன படம் ஏபிஐயில் பிழை தருவது இதனால். 3000-க்கு 4000 பிக்சல் படமானால் உயரத்தில் மொத்தம் 250 பிக்சல் வெட்டினால் 3000-க்கு 3750 ஆகும். அதை 1080-க்கு 1350 ஆகச் சுருக்கினால் தொல்லையில்லை. புடவையின் பார்டர் அடியில்தான் இருக்கும், ஆகையால் மேலேயிருந்து வெட்டுங்கள். சிறு நிரல்களை இணையத்தில் ஓட்டித் தரும் கிளவுட்ஃபிளேர் வொர்க்கர்ஸ் சேவையின் இலவசத் திட்டத்தில் நாளுக்கு 1,00,000 கோரிக்கை வாங்கலாம் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிவிநாடி சிபியு நேரம்தான். மணியை வாங்க அது போதும், படம் வெட்டப் போதாது.

வீடியோவானால் கன்டெய்னர் தயாராக நேரம் எடுக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அதன் நிலையைக் கேட்டு, 'ஃபினிஷ்டு' என்று வந்த பிறகே வெளியிட வேண்டும். கன்டெய்னர் 24 மணி நேரத்தில் காலாவதியாகும். வெளியிடச் சொன்ன கோரிக்கைக்குப் பதில் வராமல் இணைப்பு அறுந்தால் என்ன செய்வது? பதிவு போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அனுப்பாமல் கன்டெய்னரின் நிலையைக் கேளுங்கள். 'பப்ளிஷ்டு' என்று வந்தால் பேரேட்டில் குறித்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. மெட்டாவில் நாம் உருவாக்கிய ஆப் 'டெவலப்மென்ட்' நிலையிலேயே இருந்தால், அதன் வழியே போட்ட பதிவு அந்த ஆப்பில் பொறுப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் தெரியும். கடைக்காரர் போனில் அழகாகத் தெரியும், வாடிக்கையாளர் ஒருவருக்கும் தெரியாது. 'லைவ்' நிலைக்கு மாற்றிவிட்டு, பொறுப்பில் இல்லாத ஒருவரின் போனில் பாருங்கள். யூடியூபிலும் ஏறக்குறைய இதே கதை. கூகுளின் தணிக்கை முடியாத புது ஏபிஐ திட்டத்திலிருந்து ஏற்றும் வீடியோ 'பிரைவேட்' ஆகவே பூட்டப்படும்.

கேப்ஷனைப் படத்தோடு எப்படி அனுப்புவது? படத்தின் பெயரிலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பு வைப்பது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. படம் முதலில் ஏறி, எழுத்து பின்னால் வரும் என்பதால் படத்தைப் பார்த்ததும் இரண்டு நிமிடம் பொறுத்துத் தேட வேண்டும். இங்கே தமிழுக்கே உரிய சிக்கல் உண்டு. டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை அப்படியே போட்டால் இன்ஸ்டாகிராமில் ஆங்கிலக் குப்பையாக வரும், யூனிகோடுக்கு மாற்றியே தீர வேண்டும். பழைய நோட்பேடில் 'யூனிகோட்' என்று சேமித்தால் அது யூடிஎஃப்-16. ஸ்கிரிப்ட் யூடிஎஃப்-8 என்று படித்தால் கட்டம் கட்டமாக வரும். டெலிகிராமில் கேப்ஷன் 1,024 எழுத்து, இன்ஸ்டாகிராமில் 2,200 என்பார்கள். 'புதுச்சேரி' நம் கண்ணுக்கு 5 எழுத்து, கணினிக்கு 10. டெலிகிராமின் 1,024-ஐத் தமிழில் ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்து என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சத்தமில்லாமல் நிற்பதற்குக் காரணம் அநேகமாகக் காலாவதிதான். டிரைவ் சேனலுக்கு முடிவு நேரம் கொடுக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் மூடிவிடும். கொடுத்தாலும் மாற்றங்களுக்கான சேனல் அதிகபட்சம் 7 நாள், தனிக் கோப்புச் சேனல் 1 நாள். தானாகப் புதுப்பிக்கும் வழியே இல்லை. ஆறாவது நாளே வேறு எண்ணில் புதுச் சேனல் திறந்துவிட்டுப் பழையதை மூட வேண்டும். நடுவில் சில மணிகள் இரட்டையாக அடிக்கும், பேரேடு பார்த்துக்கொள்ளும். கூகுள் ஆப் 'டெஸ்டிங்' நிலையில் இருந்தால் ரெஃப்ரெஷ் டோக்கனும் (அனுமதியைப் புதுப்பிக்கும் சாவி) 7 நாளில் செத்துவிடும். திங்கள்கிழமை தொடங்கிய ஏற்பாடு அடுத்த திங்கள் நின்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். டிராப்பாக்ஸின் அணுகல் டோக்கன் 4 மணி நேரம். ஆஃப்லைன் அனுமதி கேட்டு ரெஃப்ரெஷ் டோக்கன் வாங்கியிருக்க வேண்டும். மெட்டாவின் நீண்டகால டோக்கன் 60 நாள். அதைக் கொண்டு பெறும் பக்க டோக்கனுக்கு முடிவு தேதி இல்லை, ஆனால் பக்கத்தின் உரிமையாளர் கடவுச்சொல்லை மாற்றினால் அன்றே போச்சு.

சர்வரைக் கடையிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் வைக்கலாமா? வைக்கலாம். வீட்டு ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் நமக்கென்று பொது ஐபி கிடைக்காது, பல வீடுகள் ஒரே ஐபிக்குப் பின்னால் இருக்கும். வெளியிலிருந்து மணி அடிக்க வழியில்லை. கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற ஒன்றை உள்ளிருந்து வெளியே போட்டால் அது தீரும். மின்சாரம்தான் தீராது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து 40 செ.மீ-க்கும் மேல் மழை கொட்டியது போன்ற நாளில் கடைக் கம்ப்யூட்டரை நம்ப முடியாது. டிராப்பாக்ஸ் தவறிய மணியைச் சுமார் 10 நிமிடம்தான் மறுபடி மறுபடி அடித்துப் பார்க்கும், பிறகு விட்டுவிடும். இதற்குத்தான் கர்சர். மின்சாரம் வந்ததும் மணிக்குக் காத்திராமல் 'கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து' என்று பட்டியல் கேட்டால் ஒரு படமும் தவறாது. சர்வர் எங்கே இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை இப்படிக் கேட்டுவைப்பது மணி தவறும் எல்லா நாளுக்கும் மருந்து. மூன்று நாள் முன்பு எடுத்த 'இன்று மட்டும் தள்ளுபடி' படம் இன்று போய்விடாமல், 12 மணி நேரத்துக்கு மேல் பழையதை நிறுத்திக் கேட்கும் விதியும் கூடவே வேண்டும்.

நேரம் குறித்துப் போடுகிறவர்கள் சர்வரின் கடிகாரத்தைப் பாருங்கள். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடும். மாலை 6 மணி என்று எழுதிவைத்தது இங்கே இரவு 11.30-க்குத்தான் போகும்.

போனின் கேமரா தானாகப் படம் ஏற்றும் ஃபோல்டரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இணைக்காதீர்கள். ஆதார் அட்டை, குழந்தையின் பிறந்தநாள், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் விழும். 'வரவு', 'வெளியிடு', 'போட்டவை' என்று மூன்று ஃபோல்டர் வைத்து, ஒருவர் பார்த்து 'வெளியிடு'வுக்கு நகர்த்தினால்தான் ஸ்கிரிப்ட் தொட வேண்டும். டிரைவில் கோப்பை நகர்த்தினால் உருவான நேரம் மாறாது; 'நேற்றுக்குப் பிறகு உருவானவை' என்று தேடும் ஸ்கிரிப்ட் போன வாரப் படத்தை இன்று நகர்த்தினால் கண்டுகொள்ளாது. 'வெளியிடு' ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் எடுத்துப் பேரேட்டோடு ஒப்பிடுவதே சரியான தேடல். மூன்று தளத்திலும் போய்ச் சேர்ந்த பிறகு கோப்பை 'போட்டவை'க்கு ஸ்கிரிப்டே நகர்த்திவிடட்டும். மாலையில் 'வெளியிடு'வில் எது மிச்சமிருக்கிறதோ அது எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, பேரேட்டில் அதன் கடைசிப் பிழையைப் படிக்கலாம்.